பின்வீட்டை யார் பார்த்துக்கொள்வது

ஆளில்லாத பின்வீட்டின் மீட்டர் ஓடியிருந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை, ஒன்றரை யூனிட்தான். அறுபது வாட் குண்டு பல்பு ஒன்று இருபத்தைந்து மணி நேரம் எரிந்தால் ஆகிற செலவு. வேறு யாராக இருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில், முகம் கழுவிய ஈரம் காய்வதற்குள், துணி துவைக்கிற இடத்துக்குப் போய், சுவரில் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கும் இரண்டு மீட்டர்களையும் பார்த்து, எண்களை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவைப்பவள். மேலே இருப்பது பெரியது; வாசலில் இருந்து கொல்லை மதில் வரை எல்லாவற்றுக்கும் போகிற மின்சாரத்தை எண்ணுவது. கீழே இருப்பது சின்னது. பின்வீட்டுக்குப் பிரிந்து போவதை மட்டும் எண்ணுவது. குடியிருந்த தம்பதி காலி செய்துகொண்டு போய் இரண்டு மாதம் ஆகிறது. அன்றைக்கே பின்வீட்டுக்குள் போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கியவள் அவள்தான். சுவிட்ச் இறங்கியிருந்தால் மின்சாரம் அந்த இடம் வரை வந்து, மூடிய குழாயில் தண்ணீர் நிற்பதுபோல நிற்கும். நிற்பதை மீட்டர் எண்ணாது. கடந்து போவதைத்தான் எண்ணும்.

அப்படியானால் ஏதோ கடந்து போயிருக்கிறது.

சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். சுவிட்ச் இறங்கித்தான் இருந்தது. அதன் கைப்பிடியில் இரண்டு மாதத்துத் தூசி கலையாமல் படிந்திருந்தது. வயரை எலி கடித்திருக்கும், மண்ணுக்குள் கசிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனாலும் எண்ணைக் குறிக்கும்போது அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். எடை, அளவுகளைச் சோதிக்கிற முத்திரை ஆய்வாளர். இருபத்தாறு வருட வேலை. தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய புளியங்கொட்டை அளவு மெழுகையும், அடிப்பாகம் குடையப்பட்ட எடைக்கல்லையும் பார்த்துப் பார்த்து, எது நேராக இருந்தாலும் அதன் அடியைத் திருப்பிப் பார்க்கிற கை வந்துவிட்டது. அவள் தம்பி அதைச் சொல்லிச் சிரிப்பான்: "எங்கக்கா எனக்குப் பொண்ணு பார்க்க வந்தப்பவே பையில தராசு வச்சிருந்தா."

இப்போது அவளுக்குப் பிரச்சினை வேறு. மாறுதல் உத்தரவு வந்திருந்தது. இரண்டு வருடம், ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போகிற ஊர். பத்து நாளில் கிளம்ப வேண்டும். முன்வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு கூடம், சமையலறை, குளியலறை என்று கச்சிதமாக இருக்கிற பின்வீட்டைப் பூட்டிவைத்தால் கெட்டுப்போகும். சேமிப்பையெல்லாம் கொட்டி அவள் தனியாக நின்று கட்டிய இடம். ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிப் பார்த்து வாங்கியது.

"ஆளை வச்சுடு அக்கா," என்றான் தம்பி போனில். "குடித்தனம் வைக்கிறது, வாடகை வாங்குறது, குழாய் ஒழுகினா ஆள் அனுப்புறது, எல்லாம் அவனே பார்த்துப்பான். இதுக்குன்னே இருக்காங்க. நீ எதுக்கு மண்டையை உடைச்சுக்கறே?"

"சாவியைக் கொடுக்கணுமேடா."

"பின்ன? ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டுப் போவானா?"

"அதான் யோசிக்கிறேன்."

"நீ யோசி. உன் தராசு மூளை யோசிச்சு முடிக்கறதுக்குள்ள வீடே இடிஞ்சு விழுந்துடும்."

மறுநாள் மாலை மணி அடித்தது. சாம்பல் நிறச் சட்டை, தோளில் ஒரு தோல்பை, இடுப்பில் ஒரு வளையம் நிறையச் சாவி. வாடகை வீடுகளைப் பராமரிக்கிறவர் என்று அவர் சொன்னதும், தம்பி சொன்ன கையோடு அனுப்பியும்விட்டான் என்று நினைத்துக்கொண்டாள். 'சாவிக்காரர்' என்று மனதுக்குள் பெயர் வைத்தாள். ஆனால் அவ்வளவு சாவி இருந்தும் அவர் நடக்கும்போது ஒன்றோடு ஒன்று மோதுகிற ஓசை வரவில்லை. ஒவ்வொரு சாவியும் துணி சுற்றித் தைக்கப்பட்டிருந்தது.

"சத்தம் சில பேருக்குப் பிடிக்காது மேடம்," என்றார் அவள் பார்வையைக் கவனித்து.

கூடத்தில் உட்கார்ந்து தன் வேலை எப்படி நடக்கிறது என்று விளக்கினார். அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஒரு வேலையை அதன் படிகளோடு சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. முதலில் நிலைமைப் பட்டியல். குடியேறுவதற்கு முன்னால் ஒவ்வொரு அறையாகப் போய், சுவரில் இருக்கிற ஆணி முதல் குழாயின் மூடி வரை, எது என்ன நிலைமையில் இருக்கிறது என்று எழுதுவார்கள். குடியிருப்பவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். காலி செய்யும்போது அதே பட்டியலை வைத்துச் சரிபார்த்தால், உடைந்தது யாரால், தேய்ந்தது காலத்தால் என்று சண்டை வராது. அப்புறம் மாதம் ஒருமுறை சோதனை. அதற்கு ஒரு நாள் முன்னால் எழுத்தில் தகவல்.

"ஓனருக்கும் குடியிருக்கறவங்களுக்கும் நடுவுல நேரடிப் பேச்சே இருக்கக் கூடாது மேடம். அதுதான் எங்க முக்கியமான விதி. ஒருத்தரை ஒருத்தர் நேர்ல பார்த்தாலே பிரச்சினை."

பின்வீட்டைக் காட்டக் கூட்டிப்போனாள். முன்வீட்டுக்குள் ஷூவோடு வந்து உட்கார்ந்தவர், பின்வீட்டு வாசலில் நின்று, குனிந்து, ஷூவின் கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"காலி வீடுதானே, பரவால்ல," என்றாள்.

உள்ளே இருந்த நேரம் முழுக்க அவர் குரலையே உயர்த்தவில்லை.

அவளை உறுத்தியது அதுவல்ல. வாசனை. குளியலறைச் சாக்கடைத் துளைக்குக் கீழே, குழாய் வளைந்து ஏறுகிற இடத்தில், எப்போதும் ஒரு கை அளவு தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கீழே இருக்கும் சாக்கடையின் நாற்றத்தை மேலே விடாமல் தடுக்கிற மூடி. யாரும் தண்ணீர் ஊற்றாமல் மூன்று நான்கு வாரம் போனால் அது காய்ந்து, நாற்றம் வீடு முழுக்க ஏறிவிடும். இரண்டு மாதம் பூட்டிய வீடு குடலைப் பிடுங்க வேண்டும். ஆனால் நாற்றமே இல்லை. ஈரச் சுவர், பழைய பருத்தித் துணி, அதற்கடியில் லேசாக, தூங்கி எழுந்தவர் போர்வையை விலக்கும்போது எழுகிற கதகதப்பான வாசனை.

யாரோ இங்கே தண்ணீர் புழங்குகிறார்கள்.

சாவிக்காரர் ஒப்பந்தத் தாளையும், தான் பார்த்துக்கொள்ளும் வீடுகளின் தொலைபேசி எண்கள் எழுதிய சீட்டையும் கொடுத்தார். "விசாரிச்சுப் பாருங்க மேடம். சனிக்கிழமை சாயங்காலம் வரேன்." போகிற போக்கில் பின்வீட்டுக் கதவை மூடினார். மழையில் ஊதி, கீழே தரையில் உரசுகிற கதவு. பழக்கமில்லாதவர்கள் இழுத்து இழுத்து அலுத்துப்போவார்கள். அவர் கைப்பிடியை லேசாக மேலே தூக்கி, ஒரே தள்ளில் சாத்தினார்.

அன்றிலிருந்து அவள் அவரைத்தான் சந்தேகித்தாள். கேள்விப்பட்ட கதைதான்: காலி வீட்டின் சாவியை நகல் எடுத்து, நாள் வாடகைக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறவர்கள். மீட்டர், தண்ணீர், கதவைத் தூக்கத் தெரிந்த கை. எல்லாம் பொருந்தியது. பொருந்தியதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. திருட்டுத் தராசு என்றால் அதைப் பிடிக்கிற வழி அவளுக்குத் தெரியும்.

தொழிலில் அதற்கு முத்திரை போடுவார்கள். சோதித்த தராசை யாரும் திறக்காமலிருக்க, இரண்டு துளைகள் வழியாக முறுக்குக் கம்பியைக் கோத்து, நுனிகளை ஒரு ஈயக் குண்டுக்குள் செருகி, அச்சுள்ள குறட்டால் நசுக்குவது. ஈயம் மெத்தென்று நசுங்கி அச்சின் எழுத்துகளை வாங்கிக்கொள்ளும். அதன் பிறகு கம்பியை அறுக்காமல் திறக்க முடியாது. அறுத்ததை ஒட்டவும் முடியாது. செவ்வாய்க்கிழமை காலை, கழித்துப்போட்ட பழைய அச்சுக் குறட்டை எடுத்துக்கொண்டு போய், பின்வீட்டுக் கதவின் கொண்டியையும் நாதாங்கியையும் சேர்த்து அப்படி ஒரு முத்திரை போட்டாள். ஜன்னல்கள் உள்பக்கம் தாழிட்டவை, கம்பி வைத்தவை. வேறு வழி கிடையாது.

புதன்கிழமை மாலை பார்த்தாள். முத்திரை முழுதாக இருந்தது.

மீட்டர் இரண்டு யூனிட் ஓடியிருந்தது.

அவள் அங்கேயே நின்றாள். மேலே தண்ணீர்த் தொட்டியின் குழாய் வெயில் இறங்கிய குளிர்ச்சியில் டிக், டிக் என்று சுருங்கியது. மதிலுக்கு அப்பால் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த ஓசைகள் ஒவ்வொன்றும் ஓய்ந்த பிறகும் அவள் மனம் ஒரு கணக்கை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டது. கதவு வழியாக யாரும் உள்ளே போகவில்லை. ஆனால் உள்ளே யாரோ புழங்குகிறார்கள். அப்படியானால் அவர்கள் உள்ளே போக வேண்டிய தேவையே இல்லாதவர்கள்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தாள். இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் ஒரே குழாயில் வருகிறது. அது அவள் சமையலறைச் சுவருக்குள் போகிறது. பின்வீட்டில் குழாயைத் திறந்தால் இங்கே சுவர் மெல்ல உறுமும். பட்டப்பகலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சுவரில் காதை வைத்து உட்கார்ந்தாள். பதினோரு மணிக்கு உறுமியது. நின்றது. பிறகு, அவள் காதுக்கு நேராக, சுவருக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒன்று மிருதுவாகச் சுவரில் சாய்ந்தது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது வீடில்லை. வெறும் கொல்லை.

எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெயில். துணிக்கொடி. யாருமில்லை.

சீட்டை எடுத்து முதல் எண்ணுக்குப் போன் செய்தாள். வயதான பெண் குரல்.

"ஆமாம்மா, நல்ல மனுஷர்தான். குறை சொல்ல ஒண்ணுமில்ல."

"எத்தனை நாளா உங்க இடத்தைப் பார்த்துக்கறார்?"

"ஆச்சு, நாலு வருஷம். எப்ப வர்றதா இருந்தாலும் முதல் நாளே காகிதம் வந்துடும். சத்தமாப் பேச வேணாம், பின்பக்கத்து ஜன்னலைத் திறக்க வேணாம், அவ்வளவுதான். மத்தபடி தொந்தரவே கிடையாது."

"அப்ப நீங்க வாடகைக்கு இருக்கீங்களா? நான் ஓனர்கிட்டல்ல பேசணும்."

"ஓனர் போன்ல பேச மாட்டாங்கம்மா. அவங்க பின்னாடி இருக்காங்க. நாங்க முன்வீடு."

"பார்த்திருக்கீங்களா அவங்களை?"

போனில் எங்கேயோ ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்படும் ஓசை. பிறகு குரல் வாயைப் போனோடு ஒட்டிவைத்துப் பேசியது.

"இந்த வீட்டை யாரு கட்டினாங்கன்னு தெரியுமாம்மா உனக்கு?"

"யாரு?"

"நானும் என் புருஷனும். பின்னாடி ஒரு அறை சேர்த்தோம். வாடகைக்கு விடலாம்னு." மூச்சு. "உன் வீட்டுக்கு வந்துட்டாரா? பின்பக்கம் கூட்டிட்டுப் போனியா?"

"போனேன்."

"செருப்பைக் கழட்டினாரா?"

"கழட்டினார்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. வேகமாக அல்ல. சத்தம் வராதபடி, கவனமாக.

உடனே தம்பிக்குப் போட்டாள். "டேய், எங்கேருந்துடா பிடிச்சே அந்த ஆளை?"

"எந்த ஆளை?"

"வீடு பார்த்துக்கறவர்னு நீ அனுப்பினியே!"

"நான் யாரையும் அனுப்பலையே அக்கா. நீ இன்னும் யோசிச்சுக்கிட்டுல்ல இருக்கேன்னு நினைச்சேன்."

மறுநாள் முழுக்க அலுவலகத்திலேயே இருந்தாள். இரவு ஒரு தோழி வீட்டில் படுத்தாள். ஆனால் அவளுடைய துணி, உத்தரவு, பத்திரம் எல்லாம் வீட்டில். சனிக்கிழமை மதியம் வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே வந்து, கொல்லைப்புறம் திரும்பிப் பார்க்காமல் பெட்டியில் அடுக்கினாள். இந்த வீட்டை யாரிடமும் கொடுக்கப்போவதில்லை. பூட்டு. கிளம்பு. ஆட்களைக் கூட்டிவந்து பின்வீட்டை இடிக்கச் சொல்லலாம். பெட்டியின் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது.

மணி அடிக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

"எங்களுக்கு ஆள் வேண்டாம்," என்றாள், அவர் பேசுவதற்கு முன்பே. "முடிவு பண்ணிட்டேன். நீங்க போகலாம்."

"சரிங்க மேடம்." அவருக்கு வருத்தமே இல்லை. பையிலிருந்து கோப்பை எடுத்தார். "ஆனா ஒப்பந்தம் ஏற்கெனவே எழுதியாச்சு. உங்க பகுதி மட்டும்தான் பாக்கி."

"என்ன என் பகுதி?"

"குடியிருக்கறவங்க பகுதி."

தாளை நீட்டினார். அவளுடைய விலாசம். வாடகைக்கு விடப்படும் இடம் என்பதற்கு எதிரே: முன்வீடு, இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை. ஓனர் விலாசம் என்பதற்கு எதிரே: அதே கதவு எண், பின்பக்கம். அதன் கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பேனா அழுந்தி, தாள் கிழிந்திருந்தது.

"நான்தான் ஓனர்!"

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

"யாரு உங்களைக் கூப்பிட்டது?"

"ஓனர்தான் மேடம்," என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல. "முன்வீட்டுல இருக்கறவங்க ஊருக்குப் போற மாதிரி இருக்கு, பார்த்துக்க ஆள் வேணும்னு. நீங்க கையெழுத்துப் போடலைன்னாலும் பரவால்ல. இத்தனை நாள் தங்கியிருந்தீங்கல்ல, அதுவே சம்மதம்தான்."

அவர் முன்கதவைச் சாத்தினார். பூட்டினார். உள்பக்கம் பூட்டிலேயே தொங்கிய சாவியை உருவிக்கொண்டார். பிறகு, ஷூக்கள் தரையில் ஒலிக்க, அறை அறையாகப் போய் எழுத ஆரம்பித்தார். அவள் பெட்டியின் பக்கத்தில் நின்றபடியே கேட்டாள்.

"கூடம். சுவர் சுத்தம். மின்விசிறி ஒண்ணு, லேசான ஆட்டம். படுக்கையறை. கட்டில் ஒண்ணு. நாட்காட்டி ஒண்ணு, ஓரத்துல பேனா எழுத்து." திரும்பி வந்து அவள் எதிரில் நின்றார். தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார். "பெண் ஒருத்தர். வயசு ஐம்பத்திரண்டு. இடது முழங்கால் தேய்மானம். மத்தபடி நல்ல நிலைமை."

"அதை எதுக்கு எழுதறீங்க?"

"வீட்டோட சேர்ந்ததெல்லாம் எழுதணும் மேடம்."

சமையலறை வழியாகக் கொல்லைக்குப் போனார். கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினார். வெளியிலிருந்து தாழ் விழுந்தது.

அவள் ஜன்னலுக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. மாலை வெயில் இன்னும் இருந்தது, மஞ்சளாக, கொல்லை முழுக்க. சாவிக்காரர் பின்வீட்டு வாசலில் குனிந்தார். ஷூவைக் கழற்றினார். ஓரமாக வைத்தார். தட்டவில்லை. தலையைக் குனிந்து நின்றார்.

ஈய முத்திரை அப்படியே தொங்கியது. கொண்டி அசையவில்லை.

கதவு திறந்தது.

மறுபக்கம். கீல் இருக்கிற பக்கம். ஒரு சாண் அகலம்.

உள்ளே இருட்டு. ஒன்றுமில்லை. ஆள் இல்லை. அவள் கண்கள் ஆள் முகம் இருக்கிற உயரத்தில் தேடின. அங்கே இல்லை.

மேலே.

நிலையின் மேல்கட்டையை ஒட்டி, கதவின் உச்சியிலிருந்து, ஒரு கை வெளியே வந்தது. இறங்கியது. இன்னும் இறங்கியது. இவ்வளவு இறங்கியும் முழங்கை வரவில்லை. சாவிக்காரர் தலைக்குமேல் வந்து, உள்ளங்கையை விரித்து நின்றது.

அவர் அதில் முன்கதவுச் சாவியை வைத்தார்.

விரல்கள் மூடின. மெதுவாக மேலே போயின. உள்ளே ஏதோ ஆணியில் மாட்டப்படும் ஓசை.

அவள் மூச்சை விட்டாள்.

கை திரும்ப வெளியே வந்தது. இறங்கியது. வெறும் உள்ளங்கை, மஞ்சள் வெயிலில், அகலமாக.

சாவிக்காரர் பட்டியலைப் பார்த்தார். விரலை வைத்து ஒரு வரி கீழே நகர்த்தினார். சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பினார்.

கை காத்திருந்தது. அவசரப்படாமல், விரல்களை விரித்து, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு.